நாளுக்கு 46,000 பக்கெட்: கேர்னலுக்குள் அவை எங்கே விழுகின்றன?

நிலாவெளியில் ஒரு விடுதியின் நெட்வேர்க்கைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. டெபியன் 12 (லினக்ஸின் ஒரு வகை) போட்ட சிறிய பெட்டி ஒன்றுதான் அங்கே ரவுட்டர். பக்கெட் என்பது நெட்வேர்க்கில் போகும் தரவுத் துண்டு, கேர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. எட்டு கமராக்கள் யூடிபி (வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) வழியே தரும் காட்சியைப் பதிந்து வைக்கும் மென்பொருளும் அதே பெட்டியில்தான் ஓடுகிறது. பிரிட்ஜ் (போர்ட்டுகளை ஒன்றாக இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்), டொக்கர் என்று எதுவும் இல்லை. 'ஐபி லிங்க்' கட்டளையின் வரவுப் பக்கத்தில் 'டிராப்' (எறியப்பட்டவை) என்று காட்டும் எண் நாளுக்கு ஏறத்தாழ 46,000 ஏறுகிறது. கமராப் படமும் இடைக்கிடை சதுரம் சதுரமாக உடைகிறது. கேபிள் மாற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. "இந்தப் பக்கெட்டுகளைக் கேர்னல் எந்த இடத்தில், என்ன காரணத்துக்காக எறிகிறது என்று உறுதியாகக் கண்டுபிடிக்க வழி உண்டா அண்ணா?"

உண்டு தம்பி. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அந்த 46,000க்கும் படம் உடைவதற்கும் தொடர்பு இல்லை. படத்தை உடைக்கும் டிராப், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் எண்ணில் வருவதே இல்லை. எப்படிச் சொல்கிறேன் என்பதையும், நீங்களே அதை எப்படி உறுதிப்படுத்துவது என்பதையும் கீழே எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

46,000 என்றதும் எனக்குக் கணக்கு ஒன்று ஓடியது. நாளுக்கு 86,400 வினாடி. ஸ்பானிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கிடையே வளையம் விழாமல் பார்க்கும் ஏற்பாடு) ஓடுகிற சுவிட்ச், வழக்கமான அமைப்பில் 2 வினாடிக்கு ஒருமுறை தன் அறிவிப்பை ஒவ்வொரு போர்ட்டிலும் அனுப்பும். அது 43,200. எல்எல்டிபி என்கிற அறிமுக அறிவிப்பு 30 வினாடிக்கு ஒன்று. அது 2,880. கூட்டினால் 46,080. இரண்டுமே உங்கள் பெட்டிக்குத் தேவையில்லாதவை. உங்களிடம் பிரிட்ஜ் இல்லாததால், அந்த வகை பிரேமை (கம்பியில் வரும் பொதியை) வாங்கிக்கொள்ள கேர்னலில் யாரும் பதிந்து வைத்திருக்கவில்லை. வாங்க ஆளில்லாத பிரேமை கேர்னல் எறிந்துவிட்டு, அதையும் இன்டர்ஃபேஸின் 'டிராப்' கணக்கிலேயே எழுதுகிறது. சில நெட்வேர்க் கார்ட்கள் இப்படியான பிரேம்களை வாசலிலேயே வடிகட்டிவிடும். உங்களுடையது உள்ளே விடுகிற சாதி போலிருக்கிறது.

இதைச் சோதிப்பது மிகச் சுலபம். ஒரு பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு பக்கத்தில் அதே இன்டர்ஃபேஸில் 'டிசிபிடம்ப்' (பக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் கருவி) ஓட விடுங்கள். எண் ஏறுவது நின்றுவிடும். டிசிபிடம்பை நிறுத்தினால் மறுபடி ஏறத் தொடங்கும். டிசிபிடம்ப் எல்லா வகைப் பிரேமையும் எனக்குத் தா என்று பதிந்துகொள்கிறது. அதனால் வாங்க ஆள் வந்துவிடுகிறது, கேர்னலுக்கு எறிய வேண்டிய வேலை இல்லை. பல பேர் இதைப் பார்த்துக் குழம்பிப்போய், "பார்க்கும்போது மட்டும் பிழை வருவதில்லை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்: அளவெடுக்கும்போது டிசிபிடம்ப் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அது கணக்கை மாற்றிவிடும்.

சரி, உண்மையான டிராப்பை எப்படித் தேடுவது?

கொழும்புக் கோட்டையில் ரயிலில் ஏற்றிய பொதி ஒன்று திருகோணமலை நிலையத்துக்கு வந்து சேரவில்லை என்று வையுங்கள். நம் நிலையத்துப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் விடை கிடைக்காது. மாகோவில் இறங்கியதா, கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டதா என்று ஒவ்வோர் இடத்துப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். கேர்னலும் அப்படித்தான். கார்டுக்கு ஒரு பதிவேடு, ஐபி அடுக்குக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று, ஒவ்வொரு சொக்கெட்டுக்கும் (மென்பொருள் பக்கெட் வாங்கத் திறக்கும் வாசல்) ஒன்று. ஒன்றில் எழுதியது மற்றதில் இராது.

பக்கெட் வருகிற வழியைச் சொல்கிறேன். கார்ட் அதை நினைவகத்தில் உள்ள ரிங்கில் (வட்டமாகச் சுற்றும் வரிசையில்) போடும். டிரைவர் ரிங்கிலிருந்து எடுக்கும். எக்ஸ்டிபி நிரல் (டிரைவர் மட்டத்திலேயே பக்கெட்டைப் பார்க்கும் சிறு நிரல்) ஏதும் போட்டிருந்தால் அது முதலில் பார்க்கும். பிறகுதான் பக்கெட்டுக்கு 'எஸ்கேபி' என்கிற கேர்னல் உருவம் கிடைக்கும். டிசிபிடம்ப் எட்டிப்பார்ப்பது இந்த இடத்தில். அதன் பிறகு ஃபயர்வோல், பிறகு ரவுட்டிங் முடிவு. நமக்கான பக்கெட் என்றால் யூடிபி அல்லது டிசிபி (வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் முறை), கடைசியாக மென்பொருள் திறந்து வைத்திருக்கும் சொக்கெட்டின் பஃபர் (தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்). வேறொருவருக்கு என்றால் வெளிப்பக்க வரிசைக்குப் போகும். ஆகவே, டிசிபிடம்பில் தெரிகிற பக்கெட் மென்பொருளுக்கு வரவில்லை என்றால், அது விழுந்தது அந்த எட்டிப்பார்க்கும் இடத்துக்கும் சொக்கெட்டுக்கும் இடையில். டிசிபிடம்பிலும் தெரியவில்லை என்றால் எக்ஸ்டிபி, டிரைவர், கார்ட், கேபிள், அல்லது உங்கள் பெட்டிக்கு வெளியே. தேடும் பரப்பு இந்த ஒரு கேள்வியிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

இனி உள்ளே போவோம். எஸ்கேபியின் வேலை முடிந்ததும் கேர்னல் அதை விடுவிக்க வேண்டும். அதற்கு இரண்டு ஃபங்ஷன்கள்: 'கேஃப்ரீ_எஸ்கேபி', 'கன்சியூம்_எஸ்கேபி'. காலையில் சந்தைக்கு வருகிற மீன் கூடையை நினைத்துப் பாருங்கள். பத்து மணிக்குக் கூடை வெறுமையாக இருக்கிறது. விற்றுத் தீர்ந்ததா, பழுதாகி எறிந்ததா? கூடையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. 2009க்கு முன் லினக்ஸ் கேர்னலும் இந்த நிலையில்தான் இருந்தது. விற்றதற்கும் எறிந்ததற்கும் ஒரே ஃபங்ஷனைத்தான் அழைத்தார்கள். அந்த ஆண்டு நீல் ஹோர்மன் என்பவர் விற்றதற்கு என்று 'கன்சியூம்_எஸ்கேபி'யைப் பிரித்து, 'கேஃப்ரீ_எஸ்கேபி'யில் டிரேஸ்பொயிண்ட் ஒன்றையும் வைத்தார். பக்கெட் எறியப்படும்போதெல்லாம் எந்த இடத்திலிருந்து எறியப்பட்டது என்று அது சொல்லும். அவருடைய 'டிராப் மானிட்டர்' என்கிற பகுதியும் சேர்ந்து 2.6.30 பதிப்பில் வந்தன. 'டிராப்வாட்ச்' என்கிற கருவி இன்றைக்கும் அந்தப் பகுதியோடுதான் பேசுகிறது.

ஆனால் இடம் தெரிந்தால் போதுமா? போதவில்லை. டிசிபி பக்கெட்டை வாங்குகிற ஃபங்ஷன் ஒன்றுக்குள்ளேயே பக்கெட்டை எறிய அரை டசின் காரணங்கள் இருக்கும். அந்தப் போர்ட்டில் சொக்கெட்டே இல்லை, செக்சம் (தரவுச் சரிபார்ப்பு எண்) பிழை, தலைப்பகுதி குறைவு, வடிகட்டி மறுத்தது என்று. எல்லாமே ஒரே ஃபங்ஷன் பெயரைத்தான் காட்டும். அதைவிடச் சிக்கல், விற்று முடிந்த பக்கெட்டுக்குப் பழைய பழக்கத்தில் 'கேஃப்ரீ_எஸ்கேபி'யை அழைத்த இடங்கள் கேர்னல் எங்கும் கிடந்தன. அவை எல்லாம் டிராப் என்றே பட்டியலில் வரும். பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் திருத்தி வந்திருக்கிறார்கள், இன்னமும் திருத்துகிறார்கள்.

காரணத்தைச் சொல்கிற ஏற்பாடு 2022 மார்ச்சில் வெளியான 5.17இல் வந்தது. மெங்லோங் டொங் என்பவர் 'கேஃப்ரீ_எஸ்கேபி_ரீசன்' என்ற ஃபங்ஷனைச் சேர்த்தார். எறிகிறவர் காரணத்தையும் சேர்த்து எழுத வேண்டும். முதலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காரணங்கள் இருந்தன. அடுத்தடுத்த பதிப்புகளில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. இன்னமும் காரணம் எழுதப்படாத இடங்கள் உண்டு. அவை 'குறிப்பிடவில்லை' என்று வரும். அப்போது பழையபடி அழைப்புத் தொடரைத்தான் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) படிக்க வேண்டும்.

உங்கள் டெபியன் 12இல் கேர்னல் 6.1. ஆகவே உங்களுக்கு இந்த வசதி இருக்கிறது. உபுண்டு 22.04 முதலில் வந்த 5.15 கேர்னலோடு அப்படியே ஓடுகிற பெட்டிகளில் இது கிடையாது. டெபியன் 11இன் 5.10இலும் கிடையாது. வேறு இடங்களில் வேலை செய்யும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

செய்முறைக்கு வருவோம். கேர்னல் நிகழ்வுகளைப் பதியும் 'பெர்ஃப்' கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். 'எஸ்கேபி' குழுவில் உள்ள 'கேஃப்ரீ_எஸ்கேபி' நிகழ்வை, எல்லாச் சிபியுவிலும், அழைப்புத் தொடரோடு, 60 வினாடிக்குப் பதியச் சொல்லுங்கள். ரூட் ஆகத்தான் செய்ய வேண்டும். கேர்னல் தன் முகவரிகளை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இடம் மாற்றி வைக்கிறது. முகவரியை ஃபங்ஷன் பெயராக மாற்றித்தரும் பட்டியலைச் சாதாரணப் பயனர் திறந்தால் எல்லாம் சுழியமாகத்தான் தெரியும். கமரா உடைகிற நேரம் பார்த்துப் பதிய வேண்டும். எப்போது உடையும் என்று தெரியாவிட்டால் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு 'பெர்ஃப் ஸ்கிரிப்ட்' என்று கொடுத்தால் ஒவ்வொரு டிராப்புக்கும் ஒரு துண்டு வரும். முதல் வரியில் புரோட்டகோல் எண், எறிந்த இடம், காரணம். கீழே அழைப்புத் தொடர்.

அழைப்புத் தொடரைக் கீழிருந்து மேலே படியுங்கள். பக்கெட் நடந்து வந்த பாதை அது. உங்கள் பெட்டியில் நான் எதிர்பார்ப்பது இப்படி: அடியில் டிரைவரின் போல் ஃபங்ஷன் (ரிங்கிலிருந்து பக்கெட் எடுப்பது), அதன் மேல் 'நெட்இஃப்_ரிசீவ்' என்று வருகிறவை, பிறகு 'ஐபி_ரிசீவ்', 'ஐபி_லோக்கல்_டெலிவர்', பிறகு 'யூடிபி' என்று தொடங்குகிற மூன்று நான்கு, உச்சியில் 'கேஃப்ரீ_எஸ்கேபி_ரீசன்'. காரணம் 'சொக்கெட்_ஆர்சிவிபஃப்' என்று இருக்கும். அதாவது கார்ட் வாங்கிவிட்டது, ஃபயர்வோல் விட்டுவிட்டது, ரவுட்டிங் சரி, சொக்கெட்டையும் கண்டுபிடித்தாயிற்று. அங்கே பஃபரில் இடமில்லை. பக்கெட் விழுவது வாசல்படியில்.

'பிபிஎஃப்டிரேஸ்' என்கிற கருவி கொண்டும் இதைச் செய்யலாம். காரணத்தையும் அழைப்புத் தொடரையும் சேர்த்து எண்ணச் சொன்னால், எது எத்தனை முறை என்று தொகுத்தே தரும். ஆனால் அது காரணத்தை எண்ணாகத்தான் காட்டும், பெயராக அல்ல. இங்கே கவனம் வேண்டும். அந்த எண்கள் கேர்னல் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நடுவில் புதிய காரணத்தைச் சேர்க்கும்போது மற்றவை தள்ளிப்போகின்றன. எங்கோ யாரோ போட்டு வைத்த பட்டியலைப் பார்த்து 'இது ஃபயர்வோல்' என்று முடிவு கட்டினால் முழுக்கப் பிழையான இடத்தில் நாள் கணக்காகத் தேடுவீர்கள். உங்கள் கேர்னலிலேயே சரியான பட்டியல் இருக்கிறது. டிரேஸிங் அடைவுக்குள் அந்த நிகழ்வின் 'ஃபோர்மட்' கோப்பைத் திறந்தால், எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று கடைசி வரியில் வரிசையாக எழுதியிருக்கும். அதை மட்டும் நம்புங்கள்.

பட்டியலில் வருகிற எல்லாவற்றையும் கண்டு பதறவும் வேண்டாம். 'அன்ஹேண்டில்ட்_புரோட்டோ' என்று நிறைய வரும். அதுதான் அந்த 46,000. 'அதர்ஹோஸ்ட்' என்றால் வேறொருவருக்கு வந்த பிரேம் உங்கள் கார்டுக்குள் நுழைந்து வெளியேற்றப்பட்டது. 'நோ_சொக்கெட்' என்றால் யாரோ நீங்கள் திறக்காத போர்ட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். இணையத்தைப் பார்த்திருக்கும் எந்த முகவரிக்கும் அது நாள் முழுக்க வரும். ஒரு நிரல் சொக்கெட்டை மூடும்போது உள்ளே மிச்சமிருந்தவையும் எறியப்படும். இவையெல்லாம் கேர்னல் சரியாக வேலை செய்வதன் அடையாளம்.

இந்த முறை எனக்கு உண்மையாகக் கைகொடுத்த ஒரு சம்பவம் உப்புவெளியில். கடற்கரையோர விடுதி ஒன்றில் இரண்டு இணைய இணைப்பு: ஒன்று ஃபைபர், மற்றது 4ஜி வழியாக. வழமையான போக்குவரத்து ஃபைபரில். இரண்டாவது இணைப்பின் முகவரிக்கு வெளியிலிருந்து பிங் அடித்தால் பதிலே இல்லை. டிசிபிடம்பில் பிங் வந்து சேருவது வடிவாகத் தெரிகிறது. இன்டர்ஃபேஸில் டிராப் எண் சுழியம். ஃபயர்வோலை முழுக்க எடுத்துவிட்டும் அதே கதை. லொக்கில் ஒரு வரி இல்லை. இரண்டு நாள் நான் அந்த இணைப்பைத் தந்த பக்கம்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு தொலைபேசியில் கதைத்தபடி இருந்தேன்.

பிறகு பெர்ஃபை ஓட்டிப் பிங் அடித்தேன். பிங் ஒன்றுக்கு டிராப் ஒன்று, பிசகாமல். இடம் 'ஐபி_ரிசீவ்_ஃபினிஷ்_கோர்'. காரணம் 'ஐபி_ஆர்பிஃபில்டர்'. பார்த்ததும் விளங்கிவிட்டது. பக்கெட் வந்த முகவரிக்குப் பதில் அனுப்புவதானால் எந்த இன்டர்ஃபேஸ் வழியே அனுப்புவேன் என்று கேர்னல் பார்க்கிறது. ஃபைபர் வழியே என்று விடை வருகிறது. ஆனால் பக்கெட் வந்ததோ 4ஜி வழியே. அப்படியென்றால் முகவரி பொய்யாக இருக்கலாம் என்று எறிந்துவிடுகிறது. போலி முகவரிகளைத் தடுக்கிற நல்ல ஏற்பாடுதான், ஆனால் இரண்டு இணைப்பு வைத்திருக்கிற இடத்தில் 'ஆர்பி_ஃபில்டர்' என்ற அதன் அமைப்பு கண்டிப்பு நிலையான 1இல் இருந்தால் இப்படி அடைத்துவிடும். 2 என்று வைத்தால் ஏதோ ஓர் இன்டர்ஃபேஸ் வழியே போகமுடிந்தால் போதும் என்று விட்டுவிடும். அத்தோடு, 'எல்லாம்' என்பதற்கு வைத்த மதிப்பு, அந்த இன்டர்ஃபேஸுக்கு வைத்த மதிப்பு இரண்டில் எது பெரிதோ அதுதான் செல்லும். 'எல்லாம்' 1 ஆக இருக்கையில் இன்டர்ஃபேஸில் மட்டும் 0 போட்டுப் பலனில்லை. நான் 2 ஆக்கி, வந்த இணைப்பாலேயே பதில் போகும்படி ரவுட்டிங் விதியும் எழுதினேன். பிங் பதில் வந்தது.

இந்த டிராப்புக்கும் கவுண்டர் இருந்தது. கேர்னலின் கவுண்டர்களைக் காட்டும் 'என்ஸ்டாட்' கட்டளையில் 'ஐபி_ரிவர்ஸ்_பாத்_ஃபில்டர்' என்ற பெயரில், அதுவும் டிசிபி விரிவுப் பகுதியில். பிங் பிரச்சினைக்கு டிசிபி பகுதியில் யார் போய்ப் பார்ப்பார்கள்? அதனால்தான் சொல்கிறேன், கவுண்டரை முதலில் தேடப் போனால் பெயர் தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும். எறிகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கவுண்டருக்கு வந்தால் பெயர் தெரியாதவருக்கும் கிடைக்கும்.

இனி இந்த முறைக்கு எட்டாதவை. இதைச் சொல்லாமல் விட்டால் பெர்ஃபில் ஒன்றும் வரவில்லை, ஆகவே டிராப்பே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள். எஸ்கேபி உருவாகும் முன் விழுகிற எதுவும் 'கேஃப்ரீ_எஸ்கேபி'க்கு வராது. எக்ஸ்டிபி எறிந்தது வராது. ரிங் நிறைந்து கார்ட் கைவிட்டது வராது. செக்சம் கெட்டுக் கார்டே ஒதுக்கிய பிரேம் வராது. இவற்றுக்கு, கார்டின் விவரங்களைக் காட்டும் 'ஈத்டூல்' கட்டளையில் புள்ளிவிவரம் கேட்க வேண்டும். 'மிஸ்ட்', 'ஃபிஃபோ', 'நோ பஃபர்' என்பது போன்ற பெயர்கள் ரிங் நிறைந்ததைக் காட்டும். பெயர் டிரைவருக்கு டிரைவர் வேறுபடும். 'சிஆர்சி' (பிரேமின் செக்சம் பிழை) எண் ஏறினால் கம்பியில் பிழை. நம் பக்கத்தில் இதை முதலில் பாருங்கள் என்றே சொல்வேன். நிலாவெளி, உப்புவெளி கடற்காற்றில் வெளியே மாட்டிய கமராவின் பிளக்கைக் கழற்றினால் பொன்நிறத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். மாரிக்குப் பிறகு இன்னும் மோசம். நீங்கள் கேபிள் மாற்றியதாகச் சொன்னீர்கள். பெட்டிப் பக்கமா, கமராப் பக்கமா? இன்னொன்று, கமரா சுவிட்சில் கோர்த்திருக்கிறது. கமராவிலிருந்து சுவிட்ச் வரை உள்ள கம்பியில் பிழை என்றால் கெட்ட பிரேமை வழக்கமாகச் சுவிட்சே எறிந்துவிடும். உங்கள் பெட்டியின் ஈத்டூலில் சிஆர்சி சுழியமாகவே இருக்கும். சுவிட்சின் போர்ட் புள்ளிவிவரத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையிலும் ஒரு நுணுக்கம். டிசிபி பக்கெட்டுகள் பல வந்தால் கேர்னல் அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே எஸ்கேபியாக மேலே அனுப்பும். அது விழுந்தால் டிரேஸில் டிராப் 1 என்று வரும். கம்பியில் வந்தவை பத்தோ இருபதோ இருந்திருக்கும். கார்டின் எண்ணிக்கையும் டிரேஸின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்று திகைக்க வேண்டாம். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், அந்தக் கட்டுதலை ஈத்டூலில் சிறிது நேரம் நிறுத்திவிட்டு அளவெடுங்கள். உங்கள் கமரா யூடிபி. அதில் இந்தக் கட்டுதல் இயல்பாக நடக்காது, ஆகவே உங்களுக்கு எண் நேரடியாகவே வரும்.

இணையத்தில் டிராப் என்று தேடினால் முதலில் வருகிற அறிவுரை 'நெட்டெவ்_மேக்ஸ்_பேக்லொக்'கை (சிபியு ஒன்றின் வரவு வரிசைக்கான எல்லை) 1000இலிருந்து கூட்டுங்கள் என்பது. பெரும்பாலான பெட்டிகளில் இதனால் ஒன்றும் நடக்காது. இன்றைய டிரைவர்கள் ரிங்கிலிருந்து நேராக மேலே அனுப்புகின்றன. வேலையைச் சிபியுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆர்பிஎஸ் போன்ற வசதியைப் போட்டால்தான் அந்த வரிசை பயன்படும். 'சொஃப்ட்நெட்_ஸ்டாட்' கோப்பைத் திறந்து பாருங்கள். சிபியு ஒன்றுக்கு ஒரு வரி, எண்கள் பதினாறடிமானத்தில். இரண்டாம் நெடுவரிசை முழுக்கச் சுழியம் என்றால் அந்த வரிசையில் எதுவும் விழவில்லை, கூட்டிப் பயனில்லை. மூன்றாம் நெடுவரிசையைப் பலர் டிராப் என்று எண்ணிவிடுகிறார்கள். அது டிராப் அல்ல. ஒரு சுற்றில் கையாளக் கொடுத்த 300 பக்கெட் அளவோ நேரமோ முடிந்துவிட்டது, மிச்சத்தை அடுத்த சுற்றில் பார்க்கிறேன் என்று விட்ட தடவைகள்.

சில வேளை பக்கெட் விழாமலே காணாமல் போகும். தவறான இன்டர்ஃபேஸால் வெளியே போகும், முகவரி மாற்றப்பட்டுவிடும். அப்போது எறிகிற இடத்தைப் பார்த்துப் பயனில்லை. எஸ்கேபியை வாங்குகிற ஃபங்ஷன்கள் எல்லாவற்றிலும் காவல் வைத்து, குறிப்பிட்ட முகவரியின் பக்கெட் கடக்கும் ஒவ்வொன்றையும் எழுதித் தருகிற 'பிடபிள்யூஆர்யூ' என்கிற கருவி உண்டு. சிலியம் என்கிற நெட்வேர்க் மென்பொருள் திட்டத்துக்காரர்கள் செய்தது. ஓடும்போது பெட்டியின் வேகம் குறையும், ஆகவே வடிகட்டியைக் குறுக்கி வைத்துச் சில வினாடி மட்டும் ஓட்டுங்கள். உங்கள் பிரச்சினைக்கு இது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

சரி, உங்கள் கமராவுக்கு வருகிறேன். கமரா அனுப்புவது எல்லாம் ஒரே அளவில் வராது. இடையிடையே முழுப்படம் ஒன்றை அனுப்பும், நடுவில் மாற்றங்களை மட்டும். முழுப்படம் ஒன்று 150 கிலோபைட் என்று வைத்தால், 1400 பைட் வீதம் ஏறத்தாழ 107 பக்கெட். அவை ஒன்றின்மேல் ஒன்றாக, 100 மெகாபிட் கமராப் போர்ட்டில் ஏறத்தாழ 12 மில்லிசெகண்டில் வந்துவிடும். உங்கள் பக்கத்தில் சொக்கெட் பஃபர் வழக்கமாக 212,992 பைட். 107 பக்கெட் தாராளமாகக் கொள்ளும் என்று தோன்றும். கொள்ளாது. கேர்னல் பஃபரில் எழுதுவது பக்கெட்டுக்குள் இருக்கும் தரவின் அளவை அல்ல, அதற்காக ஒதுக்கிய நினைவகம் முழுவதையும். 1400 பைட் பக்கெட் ஒன்றுக்கு 2304 பைட் என்று கணக்கெழுதுகிற டிரைவர்கள் உண்டு. அந்தக் கணக்கில் 92 பக்கெட்டோடு பஃபர் நிறைந்துவிடும். அந்த 12 மில்லிசெகண்டில் பதிவு மென்பொருள் ஹார்ட் டிஸ்க்கில் எழுதக் காத்துக்கொண்டு நின்றால், முழுப்படத்தின் வால் அறுந்துவிடும். அடுத்த முழுப்படம் வரும்வரை சதுரம் சதுரமாகத் தெரிவது அதனால்தான். எட்டுக் கமராவும் ஒரே டிஸ்க்கில் எழுதுகிறபோது இந்தக் காத்திருப்பு அடிக்கடி நிகழும்.

உறுதிசெய்ய மூன்று இடம் பாருங்கள். என்ஸ்டாட்டில் 'யூடிபி_ஆர்சிவிபஃப்_எரர்ஸ்' படம் உடையும்போதெல்லாம் ஏறுகிறதா? என்ஸ்டாட் முன்பு ஓட்டியதிலிருந்து கூடியதை மட்டும் காட்டும், அது வசதி. இரண்டாவது, 'எஸ்எஸ்' கட்டளையில் யூடிபி சொக்கெட்டுகளை நினைவக விவரத்தோடு கேளுங்கள். அடைப்புக்குள் வருகிற எண்களில் கடைசியாக 'டி' என்ற எழுத்தோடு நிற்பது அந்தச் சொக்கெட்டில் மட்டும் விழுந்தவை. எந்தக் கமராவின் போர்ட் என்பதும் அதே வரியில் இருக்கும். மூன்றாவது, மேலே சொன்ன பெர்ஃப். மூன்றிலும் கூடிய எண் ஒரே அளவாக வந்தால் உங்கள் டிராப்பை நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.

திருத்தம் இரண்டு வழி. 'ஆர்மெம்_மேக்ஸ்', 'ஆர்மெம்_டிஃபோல்ட்' இரண்டையும் 8 மெகாபைட் அளவுக்கு உயர்த்தலாம். மென்பொருளில் சொக்கெட் பஃபர் அளவு கேட்கும் அமைப்பு இருந்தால் அங்கேயும் கொடுங்கள், அது கேட்கக்கூடிய உச்சத்தை முதலாவது தீர்மானிக்கிறது, ஒன்றும் கேட்காத மென்பொருளுக்கு இரண்டாவது பயன்படும். சொக்கெட் திறக்கும்போதுதான் அளவு எடுக்கப்படும், ஆகவே மாற்றிய பிறகு பதிவு மென்பொருளை நிறுத்தித் திரும்பத் தொடங்க மறக்கவேண்டாம். இல்லாவிட்டால், கமராவை ஆர்டிஎஸ்பியில் (கமராக் காட்சியைக் கேட்டு வாங்கும் முறை) டிசிபி வழியே அனுப்பும்படி மாற்றுங்கள். பஃபர் நிறைந்தால் கமரா காத்திருக்கும், படம் அரை வினாடி பிந்தும், உடையாது. விடுதிக் காவலுக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

மாற்றியபின் ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் 'டி' எண் அசையாமலிருந்தும் படம் உடைந்திருந்தால், கமராப் பக்கத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சுவிட்ச் போர்ட்டின் சிஆர்சி எண்ணோடு எழுதுங்கள்.